சிலிண்டர் சுவரின் கனம்

செப்டம்பர் 8, திங்கள்

அனீஸ் பட்டறைக்கு வந்தான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறான். வாசலில் நின்றபடியே, "அக்கா, எனக்கு ஒரு என்ஜின் கட்டித் தரணும்" என்றான். நல்லாயிருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கரும்புக்கடையில் டயர் கடை வைத்திருக்கிறான். ஆறு நாள் பஞ்சர் ஒட்டுகிறவன், போட்டி நாளில் கால் மைல் தூரத்தைப் பன்னிரண்டு நொடியில் கடந்துவிடுவான். போன டிசம்பரில் அவன் ஓட்டிய கார், பாதித் தூரத்தில் என்ஜின் உடைந்து, எண்ணெய் சிதறித் தீப்பிடித்தது. கார், மில் முதலாளி ரகுபதி சாருடையது. என்ஜினைக் கட்டியவள் நான்.

அன்றிலிருந்து போட்டி வண்டி எதுவும் கணபதி பகுதியில் இருக்கும் என் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "பொம்பள அளவெடுத்தா அப்படித்தான்" என்று டீக்கடையில் பேசினார்கள். பேசட்டும். ஆம்னி வேன், டிராக்டர், தண்ணீர் மோட்டார் என்று எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதினேழு வருடத்தில் என் அளவு ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

டிசம்பர் 21 போட்டியாம். சொந்தமாக ஒரு பழைய காரும் டர்போவும் வாங்கி வைத்திருக்கிறான். என்ஜின்தான் இல்லை.

"ரகுபதி சார் வண்டியும் ஓடுதுக்கா" என்றான்.

"ஓடட்டும். கட்டறேன்" என்றேன்.

இத்தனை பட்டறை இருக்க ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் நிரப்பினேன். எதிர்வீட்டு அக்காவின் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். மாவு ஒரு டப்பா வந்தது.

மத்தியானம் உட்கார்ந்து, என்ன பிளாக் வேண்டும் என்று முடிவு செய்தேன். அனீஸின் காருக்குப் பொருந்துவது பழைய ஜெர்மன் கார் ஒன்றின் 1.8 லிட்டர் என்ஜின். பிளாக், அதாவது சிலிண்டர்கள் குடைந்த என்ஜினின் உடம்பு, முழுக்க வார்ப்பிரும்பு. டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது; அந்தத் திணிப்பின் அளவுதான் பூஸ்ட். திணித்த காற்று எரியும்போது அடி வாங்குவது சிலிண்டர் சுவர். பிஸ்டன், கிராங்க், வால்வு எல்லாம் புதிதாகக் கிடைக்கும். பிளாக் மட்டும் புதிதாகக் கிடைக்காது, தயாரிப்பை நிறுத்திப் பல வருடமாகிறது. யாரோ ஓட்டித் தேய்த்ததைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சுவரின் கனம் எங்கேயும் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விரிசல் கூடாது. ஏற்கெனவே குடைந்து பெரிதாக்கியதாக இருக்கக் கூடாது.

இந்த முறை எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உக்கடம் பழைய இரும்புக் கடை. பிளாக்குக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பழைய பிளாக்குக்கு எவன் பெயிண்ட் அடிப்பான்? சாவியால் பக்கவாட்டில் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு.

"அது ஒன்னும் பண்ணாதுங்கம்மா. தாராளமாத் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"என்னத்தைத் தாங்கும்?"

"ஓடறதத்தான்."

"சந்தைக்குப் போற வண்டிக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம்."

தெருமுனையில் அனீஸ் திரும்பிக் கடையைப் பார்த்தான். பிறகு, "நான் தனியா வந்திருந்தா வாங்கிருப்பேன்" என்றான்.

செப்டம்பர் 20, சனி

சென்னை, புதுப்பேட்டை. ஒரே கடையில் இந்த மாடலில் மூன்று பிளாக் கிடந்தன. இரண்டில், பிஸ்டனைத் தாங்கும் கம்பி உடைந்து வெளியே வந்த ஓட்டை. மூன்றாவது பளபளவென்று இருந்தது. சிலிண்டரின் உள்ளளவு பார்க்கும் டயல் கேஜை நான் எடுத்ததும் கடைக்காரர் அனீஸைப் பார்த்து, "சார், நீங்களே பாத்துடுங்களேன்" என்றார்.

"அவரு ஓட்டறவரு. பாக்கறது நான்தான்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் மெக்கானிக்கா மேடம்?"

"பஸ் கண்டக்டர்."

நான்கு சிலிண்டரும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்டிருந்தன. சுவரில் கூடுதல் கனம் மிச்சமில்லை. சாதாரண ஓட்டத்துக்குப் போதும், டர்போவுக்கு ஆகாது. கடைக்காரர் கேஜைத் தானே வாங்கிப் பார்த்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். 

செப்டம்பர் 28, ஞாயிறு

பாலக்காட்டில் ஒன்று. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு உட்காரும் இடம் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. வேண்டாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவிப் பொட்டு வைத்தோம். தண்டபாணிக்கு இன்று டியூட்டி இல்லை. என் வீட்டுக்காரருக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது, என்னைப் பற்றித் தெரியும். பொரியைத் தின்றுகொண்டே கேட்டார்.

"மூனு ஊரு சுத்தி எல்லாத்தையும் வேண்டாம்னுட்ட. போன தடவை எத்தனை பாத்தே?"

"ஒன்னு."

"ஒன்னுதானா?"

"அது சாரே கொண்டு வந்து குடுத்தது."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அந்த பிளாக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

எதிர்பாராதது. ரகுபதி சாரின் மேனேஜர் வேனில் ஒரு பிளாக் கொண்டு வந்து இறக்கினார். நாங்கள் தேடுவது சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாரே போனில் பேசினார்.

"ஸ்டோர்ல சும்மா கிடந்துது சசிரேகா. அனீஸுக்கு என்னால ஆன உதவின்னு வச்சுக்கங்க. பணமெல்லாம் வேண்டாம். மேனேஜர் ஒரு பேப்பர் தருவாரு, அதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"என்ன பேப்பருங்க சார்?"

"பழைய ஃபைலை மூடறதுக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான்."

மேனேஜர் கவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் பிரிக்கவில்லை. முதலில் பிளாக்கைத்தான் பார்த்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நாள் முழுக்க அளந்தேன். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு மேலே எழும்பும். ஒரு கோடும் எழும்பவில்லை. சிலிண்டர்கள் கம்பெனி அளவிலேயே இருக்கின்றன. கனம் பார்க்கும் மீட்டரை வைத்து ஒவ்வொரு சுவரிலும் எட்டு இடம் அளந்தேன். மிகக் குறைந்த இடம் 5.8. இவ்வளவு நல்ல பிளாக்கை என் கை தொட்டதே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் ஒரு முறை திரும்பி வந்து தொட்டுப் பார்த்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

கவரைப் பிரித்தேன்.

போன வருட விபத்தைப் பற்றிப் போட்டிச் சங்கம் நடத்தும் விசாரணை இன்னும் முடியவில்லை. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாள் அது. 'பிளாக் நல்ல நிலையில் இருந்தது, என்ஜினைப் பூட்டியதில் ஏற்பட்ட பிழையே விபத்துக்குக் காரணம்' என்று நான் ஒப்புக்கொள்வதாக இருந்தது. கூடவே நான் எழுதிய அளவுத் தாளின் நகல். நகல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாவது சிலிண்டருக்கு நேரே 5.2 என்று டைப் அடித்திருந்தது.

நான் 5.2 என்று எழுதவில்லை.

ஊர் என்னைக் குறை சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது என் கையாலேயே என் அளவு பொய் என்று எழுதித் தர வேண்டுமாம். அதற்குக் கூலி ஒரு பிளாக். வேனைக் கூப்பிட்டு, நானே சங்கிலி கட்டித் தூக்கி ஏற்றினேன். கவரையும் கையெழுத்தில்லாமல் மேலே வைத்து அனுப்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

அனீஸ் வந்தான். கோபமாக வந்தான்.

"மேனேஜர் போன் பண்ணாரு. நல்ல பிளாக்கை நீங்க திருப்பி அனுப்பிட்டீங்கன்னாரு. நெசமாக்கா?"

"நெசந்தான்."

"அதுல என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல."

"அப்புறம் ஏன்? போட்டிக்குப் பத்து வாரந்தான் இருக்குது."

தாளைப் பற்றிச் சொன்னேன். "என் அளவையே மாத்தி எழுதியிருக்காங்க. அஞ்சு புள்ளி ரெண்டுன்னு நான் எழுதவே இல்ல. பதினேழு வருசத்துல என் அளவு தப்புனதில்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க எழுதுனது எவ்ளோக்கா?"

நான் கந்தையை எடுத்துக் கேஜைத் துடைத்தேன்.

"எல்லாரும் அக்கா தப்பா அளந்துட்டாங்கன்னாங்க. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நானும் அதையேதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். எட்டு வருசம் உங்க என்ஜின ஓட்டிருக்கேன். உங்க அளவு தப்பாது. தப்பலைன்னா, சொவரு மெலிசா இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன். என்ஜினெல்லாம் அதுக்கப்புறந்தான்."

"மூனு புள்ளி ரெண்டு" என்றேன்.

அவன் தன் இடது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாருகிட்டச் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். 'ஒரே ஒரு ரேஸுதானே, தாங்கும், ஓட்டலாம்னு கையெழுத்துப் போடுங்க'ன்னாரு. போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டே."

"அதுக்குத்தானக்கா சொல்லணும்."

எழுந்து போய்விட்டான்.

அக்டோபர் 13, திங்கள்

வேலை செய்யவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் அளவு தப்பவில்லை என்று ஒவ்வொரு முறை இந்த நோட்டில் எழுதியபோதும், சுவர் மெலிசு என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அனீஸ் கண்டுபிடித்துவிட்டான். தப்பாக அளந்தவள் என்ற பேரே எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அந்தப் பேரைத் திட்டித் திட்டி இன்னொன்றை மறைத்து வைத்திருந்தேன்.

தண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"எழுதித் தரப் போறேன்."

"பட்டறை போயிருமா?"

"போனாலும் போகும்."

"சரி, எழுது. எழுத்துப் பிழை இல்லாம எழுது."

அக்டோபர் 15, புதன்

போட்டிச் சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்றாவது சிலிண்டர் 3.2. தெரிந்தே கையெழுத்திட்டேன். இதைச் சொன்னபோது பிளாக்கின் உரிமையாளர் என்ன சொன்னார் என்பதையும் எழுதினேன். என் கையெழுத்திலிருந்த மூலத் தாளின் படத்தை இணைத்தேன். இரண்டு பக்கம். எங்கேயும் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பை அவர்களிடம் கேட்டு என்ன பயன்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அனீஸிடமிருந்து போன் இல்லை. எந்த வருடமும் பண்டிகைக்குக் கூப்பிடுவான்.

அக்டோபர் 24, வெள்ளி

கூப்பிட்டான். "கோபிச்செட்டிபாளையத்துல ஒரு வண்டி இருக்குது. பின்னாடி லாரி இடிச்சு நாலு வருசமா ஷெட்டுல நிக்குது. என்ஜின யாரும் தொடலையாம். ஞாயித்துக்கிழம வர முடியுமா?"

"வரேன்."

"அக்கா, மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"வேற ஆளுகளப் போய்ப் பாத்தேன். எல்லாரும் உக்கடம் பிளாக்கையே தாங்கும்னாங்க. எனக்கு வேண்டாம்னு சொல்ற ஆள் வேணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்."

அக்டோபர் 26, ஞாயிறு

வண்டிக்காரர் மஞ்சள் வியாபாரி. ஷெட் முழுக்க மஞ்சள் மூட்டை. காரின் மேல் மூன்று விரல் கனத்துக்கு மஞ்சள் தூசி. என்ஜினைக் கழற்றி இறக்க மத்தியானமாகிவிட்டது. பார்த்தால் யாருக்கும் பிடிக்காத பிளாக். வெளியே துரு, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் செம்மண் குழம்பு. அனீஸின் முகம் விழுந்துவிட்டது.

கழுவினோம். அளந்தேன். சிலிண்டர் கம்பெனி அளவு. கிராங்க் உட்காரும் ஐந்து இடமும் சுத்தம். சாயம் தடவினேன், கோடு எழும்பவில்லை. மேல்தளம் லேசாக வளைந்திருக்கிறது, சீவிச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு கனம். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னேன், அனீஸ் எழுதினான். இந்த முறை அவன் கையால் எழுத வேண்டும் என்று நான்தான் சொன்னேன். மிகக் குறைந்த இடம் 5.1.

"சார் குடுத்தது அஞ்சு புள்ளி எட்டு. இது அதவிடக் கொறைதானக்கா?"

"கொறைதான். அந்த அளவுக்கு பூஸ்ட் ஏத்த முடியாது. இந்தச் சொவரு எவ்ளோ தாங்கும்னு நான் கணக்குப் போட்டு ஒரு எண் தருவேன். அதுக்கு மேல ஏத்தக் கூடாது. சம்மதமா?"

"ஜெயிக்க முடியுமா?"

"தெரியல."

பிளாக்கின் மேலிருந்த துருவை விரலால் சுரண்டினான். "தூக்குங்க" என்றான்.

நவம்பர் 11, செவ்வாய்

சங்கத்திலிருந்து பதில். விசாரணை முடியும் வரை என் கையெழுத்து மட்டும் போதாது; நான் கட்டும் என்ஜினை அவர்களுடைய ஆள் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ரகுபதி சாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் வண்டி இந்த வருடம் ஓடத் தடையில்லை.

சரி. என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். இன்னொருவர் பார்க்கட்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

பட்டறைக்கு எதிரே இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. "தெரிஞ்சே பண்ணிருக்கா" என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதுதான். போன வருடம் சொன்னது பொய், இது உண்மை. ஷட்டரை இறக்கவில்லை. மழை தூறியது. அவர்கள் போனார்கள், நான் பிஸ்டனைப் பூட்டினேன்.

டிசம்பர் 6, சனி

முதல் முறை ஸ்டார்ட் ஆனது. இருபது நிமிடம் ஓடவிட்டோம். சங்கத்து ஆள் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அனீஸ் சிரிக்கவில்லை, ஆனால் என்ஜினை நிறுத்த மனமில்லாமல் நின்றான்.

டிசம்பர் 21, ஞாயிறு

போட்டி. பழைய ஓடுதளம், நல்ல வெயில், கூட்டம்.

முதல் ஓட்டம் 12.1 நொடி. நான் எதிர்பார்த்ததைவிட நன்று. ரகுபதி சாரின் வண்டி 12.0. இறுதி ஓட்டத்தில் இரண்டும்தான் நேருக்கு நேர்.

இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. அனீஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தான்.

"பூஸ்ட் ரெண்டு பாயிண்ட் ஏத்துங்கக்கா."

"முடியாது."

"ரெண்டே ரெண்டு பாயிண்ட். நொடில பத்துல ஒரு பங்குதான் வித்தியாசம். தாங்கும்."

போன வருடம் சார் சொன்ன அதே வார்த்தை. பூஸ்டை மாற்றும் லேப்டாப் என் மடியில் இருந்தது. மூடினேன்.

"வெந்தது என் காலு. நான் கேக்கறேன். எனக்கு அந்த உரிமை இல்லையா?"

"ஏறி ஓட்டறதுக்கு இருக்குது. ஏறாம இருக்கறதுக்கும் இருக்குது. என்னை ஏத்தச் சொல்றதுக்கு இல்ல."

"நீங்க எனக்குக் கடன்பட்டிருக்கீங்க." கூட்டத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா. அதனாலதான் முடியாதுங்கறேன்."

டயரைக் காலால் உதைத்தான். வெந்த காலாலேயே உதைத்தான். வலித்திருக்கும். லேப்டாப்பைப் பிடுங்கிவிடுவான் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. வண்டியில் ஏறினான்.

கிளம்பும்போது அவன்தான் முன்னால். முக்கால் தூரம் வரை முன்னால். கடைசியில் அந்த வண்டி பானட் நீளத்துக்கு முந்தியது. கூட்டம் கத்தியது. எனக்கு நேரம் பார்க்கத் தோன்றவில்லை. புகை வருகிறதா என்றுதான் பார்த்தேன். வரவில்லை.

ரகுபதி சார் வெள்ளைத் தொப்பியோடு பக்கத்தில் வந்தார். "இன்னும் கொஞ்சம் தைரியம் வேணும் சசிரேகா. ஜெயிச்சிருக்கலாம்."

"தைரியம் வந்ததனாலதானுங்க சார் ஏத்தல" என்றேன். "விசாரணைல பாக்கலாம்."

அனீஸ் திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

காலை எட்டு மணிக்கு வந்து ஷட்டரைத் தட்டினான். கடையைத் திறக்காமலே வந்திருக்கிறான்.

"ஹெட்டக் கழட்டிப் பாக்கலாமாக்கா?"

கழற்றினோம்.  சிலிண்டர்களை மூடும் ஹெட்டைத் தூக்கி வைத்ததும் டார்ச் அடித்தேன். நான்கு சிலிண்டரும் சுத்தமாக இருந்தன. எண்ணெய் தங்குவதற்காக நான் சுவரில் தேய்த்துப் போட்ட கோடுகள்கூட அழியாமல் தெரிந்தன. அவன் விரலை உள்ளே விட்டு, ஒவ்வொரு சுவரையும் மெதுவாகச் சுற்றித் தடவினான். நான்கையும் முடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"நேத்து ரெண்டு பாயிண்ட் ஏத்தியிருந்தா தாங்கியிருக்குமாக்கா?"

தாங்காது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் பெருமை. சுவர் இருக்கும் நிலையைப் பார்த்தால் தாங்கியும் இருக்கும்.

"தெரியாது" என்றேன். "தாங்கியிருக்கலாம். நீ ஜெயிச்சும் இருக்கலாம்."

விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கந்தையில் துடைத்தான். 

"தெரியாதுன்னு போன டிசம்பர்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"சொல்லு" என்றேன்.